ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்: தங்கையின் பெயரைக் குறித்து அண்ணன் எழுதுவது

எங்கள் தங்கை எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்நாளில் இல்லம் வந்து, அவரது படத்திற்கு மலரிட்டு, இச்சிறு நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். தங்கை என்னைவிட ஒன்பது வயது இளையவர். வீட்டில் 'அம்மிணி' என்று ஒருமையில்தான் அழைத்தேன். எனினும் அச்சில் ஏறும் எழுத்தில் அவரை மரியாதையோடு குறிப்பிடுவதே முறை என்பதால் அவ்வாறே எழுதுகிறேன்.

இக்கட்டுரையை எழுதும்படி கேட்டவர் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை. அவர் கேட்டுக்கொண்டது வாழ்க்கைக் குறிப்பு மட்டுமே. ஆனால் நம் உறவுக்குள் ஏழு ஆண்டுகளாக ஒரு பேச்சு இருந்து வருகிறது. 'அண்ணனைக் கேட்காமலே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கம்பெனிக்குள் கூட்டிப்போய், இருந்த வேலையையும் கெடுத்துக்கொண்டவள்' என்று. கல்யாண மண்டபங்களில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் அது பேசப்பட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன். தங்கையின் பெயர் மீது இருக்கும் இந்த ஒன்றை விளக்காமல் பிறந்த ஊரையும் படித்த படிப்பையும் மட்டும் எழுதிவிட்டுப் போவது சரியாகாது. ஆகவே அன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தங்கை பிறந்தது தாராபுரத்தை அடுத்து, அமராவதி ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில். தந்தையார் லாரி புக்கிங் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். தங்கை ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அவர் மறைந்தார். நான் அப்போது பி.காம். முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். தாயாரையும் தங்கையையும் இங்கே அழைத்து வந்தேன். அன்று முதல் குடும்பத்தின் நல்லது கெட்டதுக்கு நானே பொறுப்பு. அதை நான் குறையாக ஒருபோதும் சொன்னதில்லை. பெருமையாகவே கருதினேன். பின்னர் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து எங்கள் ஏற்றுமதி நிறுவனத்தைத் தொடங்கினேன்.

தங்கை கோவையில் விடுதியில் தங்கித் தமிழ் எம்.ஏ. படித்தார். அங்கே மாணவர் நாடகக் குழுவில் சேர்ந்தார் என்பதே அவர் படிப்பை முடித்த பிறகுதான் எனக்குத் தெரியும். அடுத்து இரண்டாண்டு நாடகப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றபோது நான் சம்மதிக்கவில்லை. தாயார் சம்மதித்தார். தங்கை போனார். திரும்பி வந்த பின், உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பத்தில் மணம் முடித்தோம். ஒரு மகள். மாப்பிள்ளை தங்கையின் வேலைக்கு ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த வேலை, திருப்பூரில் அரசு உதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளியில். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் தொழிற்கல்விப் பிரிவாக நிகழ்த்துகலையைத் தொடங்கியிருந்தார்கள். நடிப்பு மட்டும் அன்று. மேடையில் விளக்கு அமைப்பது, ஒலி, ஒப்பனை, உடை, அரங்கப் பொருள் செய்வது எல்லாமே பாடம். பனியன் வேஸ்ட் துணியில் ராஜா உடுப்பும், கட் பீஸில் திரைச்சீலையும் அந்தப் பிள்ளைகள் தைக்காமல் ஒட்டியே செய்துவிடுவார்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களே அதிகம். அங்கே படித்த சிலர் இன்று விழா மேடைகளுக்கு விளக்கு அமைக்கும் தொழிலில் நன்றாக இருக்கிறார்கள்.

நான் அந்த வேலையை வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. யார் கேட்டாலும் தங்கை தமிழ் ஆசிரியை என்றே சொல்வேன். ஒரு திருமணத்தில் உடுமலை சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அப்படிச் சொன்னபோது தங்கை பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இல்லீங்க மாமா, நாடகம் சொல்லிக் குடுக்கறனுங்க. லைட்டுக் கட்டறது, மேக்கப் போடறது எல்லாமே பாடந்தானுங்க" என்றார்.

"அப்பப் பரீட்சைக்கு அழுது காட்டோணுமாக்கு?"

"நெசமா அழுதா மார்க் கம்மிங்க மாமா. அழுவாம நம்மள அழ வெச்சாத்தானுங்க முழு மார்க்கு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து கண்டித்தேன். தங்கை கேட்டுக்கொண்டார். அடுத்த முறையும் அப்படியேதான் சொன்னார்.

தங்கை சொல்லிக்கொடுத்த முறையைக் கொஞ்சம் விளக்கினால்தான் பின்னால் வருவது புரியும். ஒரு பாத்திரத்தை நடிக்கும் முன், அந்த வேலையைச் செய்யும் ஆளை நேரில் போய் நாள் கணக்கில் பார்க்க வேண்டும் என்பார். பூக்கடைக்காரராக நடிப்பவன் மார்க்கெட்டில் போய் உட்கார வேண்டும். நடத்துநராக நடிப்பவள் பேருந்தில் போய்வர வேண்டும். முதலில் கையைப் பார்க்க வேண்டும், பேச்சு பிறகு. அது முடிந்ததும் இன்னொரு பயிற்சி. மூன்று மணி நேரம் அந்த ஆளாகவே இருக்க வேண்டும். யார் வந்து என்ன கேட்டாலும் பாத்திரத்தை விட்டு வெளியே வரக்கூடாது. ஆசிரியை இரண்டு முறை கை தட்டினால் மட்டுமே தன் பெயருக்குத் திரும்பலாம். அந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் பன்னிரண்டு பேர். அவர்களின் செய்முறைத் தேர்வு நாடகம் ஒரு தையல் வரிசையைப் பற்றியது. அதற்காக எங்கள் நிறுவனத்தின் தையல் பிரிவில் மூன்று நாள் இருந்து பார்க்கத் தங்கை என்னிடம் அனுமதி கேட்டார்.

இரண்டு முறை மறுத்தேன். மூன்றாம் முறை கேட்டபின் நானே அழைத்துச் சரி என்றேன். காரணம் எங்கள் ஆயுத பூஜை. திருப்பூரில் எந்தக் கம்பெனிக்கும் அதுதான் பெரிய நாள். எந்திரங்களைத் துடைத்துச் சந்தனமிட்டு, வாழை கட்டிப் பொரி வழங்கும்போது தொழிலாளர்களும் விருந்தினரும் ஒன்றாக அமர்வார்கள். அந்த ஆண்டு விருந்தினர்கள் முன்னால் பள்ளி மாணவர்களைக் கொண்டு ஒரு நாடகம் போட்டால் நிறுவனத்திற்கு மதிப்பாக இருக்கும் என்று எண்ணினேன். பிள்ளைகளுக்கும் காலாண்டு விடுமுறை.

தங்கை ஒன்றே ஒன்று கேட்டார். பள்ளித் தலைமையாசிரியர் நிறுவனத்திலிருந்து எழுத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்கிறார் என்றார். "நம்ம கம்பெனிக்கு நம்ம புள்ளைக வாரதுக்குக் கடுதாசி என்னத்துக்கு அம்மிணி?" என்று சொன்னவன் நான்.

வாயிற்காவலர் ஆறுச்சாமியிடம், பிள்ளைகளின் பெயரைப் பார்வையாளர் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று சொன்னவனும் நானே. சிறுவர்களை வேலைக்கு வைத்திருக்கிறோமா என்று பார்க்க வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஆய்வாளர்கள் வந்தால் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான். பன்னிரண்டு சிறுவர்களின் பெயரைக் கண்டால் நூறு கேள்வி கேட்பார்கள். ஆனால் அட்டை இல்லாமல் யாரும் தையல் பிரிவுக்குள் போகக்கூடாது என்பதும் எங்கள் விதி. எனவே விடுப்பில் இருந்த பன்னிரண்டு தொழிலாளர்களின் அடையாள அட்டைகளை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். ஏப்ரனும் தலைத்துணியும் முகக்கவசமும் கொடுக்கச் சொன்னேன். கேள்வியைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படிக்கும்போது நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்க மாட்டார்கள் என்று அறிவேன்.

முதல் இரண்டு நாளும் எந்தக் குறையுமின்றிக் கழிந்தன. மூன்றாம் நாள், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், காலை பதினோரு மணி. பாதி வரிசைகளை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் வரிசையில், ஓடாத எந்திரங்களின் முன் பன்னிரண்டு பிள்ளைகளும் பயிற்சியில் அமர்ந்திருந்தார்கள். தங்கை கேன்டீனில் மறுநாள் நாடகத்திற்கு விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார். நான் என் அறையில் இருந்தேன். எங்கள் பெரிய வாடிக்கையாளர் சார்பில் ஓர் ஆய்வாளர் அம்மையாரும் அவருடைய உதவியாளரும் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார்கள். விதிப்படி ஆறுச்சாமியால் அவர்களை நிறுத்திவைக்க முடியாது. எனக்குத் தகவல் வந்து நான் மாடியேறும்போது அவர்கள் நான்காம் வரிசையில் நின்றிருந்தார்கள்.

ஆய்வாளர் ஒரு மாணவியின் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அட்டையில் இருந்த படம் நாற்பது வயதுப் பெண்மணியுடையது.

"எத்தனை வருஷமா இங்க வேலை பார்க்கறீங்க?"

"பத்து வருசம் ஆச்சுங்க மேடம். மொதல்ல செக்கிங்ல இருந்தனுங்க, இப்ப ஓவர்லாக் மிசின்ல" என்றாள் அந்தப் பெண். கை எந்திரத்தின் மேல் துணியைத் தள்ளுவதுபோல் நகர்ந்துகொண்டே இருந்தது.

"உங்களுக்கு என்ன வயசு?"

"அது கெடக்குதுங்க. மூத்தவளக் கட்டிக் குடுத்து ரெண்டு வருசமாச்சு. சின்னவளுக்குத்தான் ஒண்ணும் அமைய மாட்டீங்குது. உங்களுக்குத் தெரிஞ்ச எடமிருந்தாச் சொல்லுங்க மேடம்."

பதினாறு வயதுப் பெண் சொன்ன பதில் அது. ஆய்வாளர் சிரிக்கவில்லை. அடுத்த மாணவனிடம் கேட்டார். அவன் முட்டிவலியைப் பற்றிச் சொன்னான். அதற்கடுத்தவன் ஊருக்குப் போக லீவு கொடுக்காத சூப்பர்வைசரைப் பற்றிச் சொன்னான். பயிற்சியைச் சோதிக்க அனுப்பப்பட்ட யாரோ ஒருவர் என்றே அவர்கள் நினைத்திருக்கிறார்கள். உதவியாளர் ஒவ்வொரு பதிலையும் எழுதிக்கொண்டார். நான் குறுக்கிட முயன்றேன். ஆய்வாளர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

வரிசையின் கடைசியில் இருந்தவள் செல்வமேரி. அவள் மட்டும் ஆய்வாளரைக் கண்டதும் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள். எழுந்தாள். அட்டையைக் கழற்றி எந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் பின்படிக்கட்டை நோக்கி வேகமாக நடந்தாள். கதவருகே போனதும் ஓடினாள். உதவியாளர் அதையும் எழுதினார்.

யாரோ சொல்லித் தங்கை கேன்டீனிலிருந்து வந்தார். நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டு இரண்டு முறை கை தட்டினார். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றி எழுந்து நின்றார்கள். எவ்வளவு சிறிய வயதினர் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"யார் இவங்களுக்கு இவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார் ஆய்வாளர். ஆய்வின்போது என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களைப் பழக்கி வைக்கும் நிறுவனங்கள் உண்டு. அதைத்தான் அவர் கேட்டார்.

"நானுங்க" என்றார் தங்கை. பள்ளியின் பெயர், பாடத்தின் பெயர், பயிற்சியின் முறை எல்லாவற்றையும் சொன்னார். ஆய்வாளர் முழுதும் கேட்டார், நம்பவில்லை. ஒரு கட்டுத் துணியை எடுத்து வைத்து, எந்திரத்தை ஓட்டி ஒவ்வொருவரையும் ஒரு மடிப்புத் தைக்கச் சொன்னார். முதல் மாணவி ஊசியை முறித்தாள். இன்னொருவன் நூலைச் சிக்க வைத்தான். முட்டிவலி என்று சொன்னவன் எந்திரம் உறுமியதும் காலை எடுத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தான். பதினொரு பேரில் ஒருவருக்கும் தைக்கத் தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு மூச்சு வந்தது.

"ஓடிப்போன பொண்ணு எங்கே?" என்றார் ஆய்வாளர்.

அந்தப் பெண்ணைப் பற்றித் தங்கை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். குடும்பம் நெல்லைப் பக்கத்திலிருந்து வந்தது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஓராண்டு வேறொரு சிறிய கம்பெனியில் தாயாரோடு தையலில் இருந்தவள். தங்கை அவர்கள் வீட்டுக்கு நடையாக நடந்து மறுபடி பள்ளிக்குக் கொண்டுவந்திருந்தார். அவளை எந்திரத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. தங்கையை நடைபாதைக்கு அழைத்தேன்.

"அந்தப் புள்ளையப் பின்கேட் வழியா அனுப்பிப்போடு. வந்தது பதினோரு பேர்தான், ஓடுனது ஆருன்னு தெரியாதுன்னு சொல்லிக்கலாம்."

"பன்னண்டு பேருங்கண்ணா."

"முந்நூறு பேரு பொழப்பு அம்மிணி. அவ தையல் தெரியாத மாதிரியாச்சும் ரெண்டு நிமிசம் நடிக்கட்டும். உன்ர பாடந்தானே?"

தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தார். "மேடைல வேற ஆளா நிக்கறதுக்குத்தானுங்கண்ணா நான் சொல்லிக் குடுக்கறது. பார்க்கறவங்களுக்கு அது நாடகம்னு தெரியும். இந்தம்மாவுக்குத் தெரியாதில்லீங்க. அத எப்படிங்க நான் அந்தப் புள்ளகிட்டச் சொல்றது?"

பின்படிக்கட்டின் கீழே, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் செல்வமேரி உட்கார்ந்திருந்தாள். தங்கை அவளைக் கைபிடித்து மேலே அழைத்து வந்தார். நான் பின்னால் நடந்தேன். ஆய்வாளர் எந்திரத்தைக் காட்டினார். அவள் ஏப்ரனை இழுத்துவிட்டு அமர்ந்து, துணியை வைத்து, ஒரே ஓட்டத்தில் தைத்து முடித்து, நூலைக் கத்தரித்துக் கையில் கொடுத்தாள். கோடு போட்டதுபோல் இருந்தது.

"ஏன் ஓடினே?"

"பழக்கம் மேடம்" என்றாள். "நான் ஒரு வருசம் வேற கம்பெனில தச்சேன். உங்கள மாதிரி யாராச்சும் வந்தா எங்களப் பொறவாசல் வழியா வெளிய அனுப்பிருவாங்க. பாத்ரூம்ல வச்சும் பூட்டுவாங்க. உங்க ஐ.டி. கார்டப் பார்த்ததும் காலு தானா போயிட்டு. இங்க நான் தைக்கல மேடம். இங்க நாடகத்துக்குத்தான் வந்தேன். டீச்சர்தான் என்னைப் பள்ளிக்கூடத்துல திரும்பச் சேர்த்தாங்க."

ஆய்வாளர் தைத்த துணியை உதவியாளரிடம் கொடுத்தார். பிறகு தலைமையாசிரியரிடம் தொலைபேசியில் பேசினார். பன்னிரண்டு பேரும் தம் பள்ளி மாணவர்களே என்று அவர் உறுதி சொன்னார். ஆனால் நிறுவனத்திடமிருந்து கடிதம் எதுவும் தமக்கு வரவில்லை என்றும் சொன்னார். அதுவும் உண்மையே.

பிள்ளைகள் இங்கே வேலை செய்யவில்லை என்பதை ஏற்றுக்கொள்வதாக ஆய்வாளர் என்னிடம் கூறினார். மீதி ஒரே கேள்வி. மற்றவர்களின் அட்டையை மாட்டி, பதிவேட்டில் எழுதாமல், சிறுவர்களை ஓடும் எந்திரங்களுக்கு நடுவே அனுப்பியது யார்? இரண்டு நாளுக்குள் நிறுவனத்தின் விளக்கம் எழுத்தில் வேண்டும். நிர்வாகம் அறிந்து நடந்தது என்றால், வாடிக்கையாளரின் ஆர்டரைப் பெறுவதற்கான தகுதிச் சான்று நிறுத்தப்படும். அறியாமல் நடந்தது என்றால் காவல் ஏற்பாட்டில் குறை என்று மட்டும் குறிக்கப்படும்.

மறுநாள் பூஜை நடந்தது. நாடகம் நடக்கவில்லை. பூஜை முடிந்ததும் நான் என் அறையில் அமர்ந்து விளக்கக் கடிதத்தை எழுதினேன். 'பள்ளி ஆசிரியையான என் சகோதரி, நிர்வாகத்தின் அனுமதியோ அறிவோ இன்றி, உறவைப் பயன்படுத்தி வாயிற்காவலர் மூலம் மாணவர்களை உள்ளே அழைத்து வந்துள்ளார்' என்று எழுதினேன். நான் கல்லூரியில் படித்தவன். ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்து எழுதினேன். கீழே கையெழுத்திட்டேன். அதன் நகல் ஒன்று பள்ளி நிர்வாகத்திற்கும் போனது.

முந்நூறு பேரின் வேலையைக் காப்பாற்றினேன் என்றே அன்று எனக்கு நான் சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யன்று. ஆனால் உண்மையை எழுதினால் என்ன நேரும் என்று ஆய்வாளரிடமோ வாடிக்கையாளரிடமோ நான் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்ட நிறுவனங்கள் திருப்பூரில் இருக்கின்றன. என் பெயரில் ஒரு குறை எழுதப்படுவதை நான் விரும்பவில்லை என்பதே அடிப்படை.

பள்ளி, தங்கையை இடைநீக்கம் செய்தது. ஆறுச்சாமியை நாங்கள் வேலையை விட்டு அனுப்பினோம். கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு தங்கை என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"இது உங்க கையெழுத்துத்தானுங்களா?"

"ஆமா."

"சரிங்கண்ணா" என்று அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பள்ளியின் விசாரணையில், தன் தவறு என்ன என்று கேட்டதற்கு, எழுத்தில் கடிதம் வாங்காமல் மாணவர்களை அழைத்துச் சென்றது தன் தவறு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டபோது பதில் சொல்லவில்லை. ஏன் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேரின் பெற்றோர் எங்கள் நிறுவனத்தில் வேலை செய்தவர்கள். காரணம் அதுவாக இருக்கலாம். எனக்காக என்று நினைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை.

தங்கையை வேலையிலிருந்து நீக்கிய பள்ளி, பாடப்பிரிவையும் மூடுவதென்று முடிவெடுத்து, அந்தப் பன்னிரண்டு பேரையும் அலுவலக மேலாண்மைப் பிரிவுக்கு மாற்றப் பார்த்தது. தங்கை அதை மட்டும் விடவில்லை. பெற்றோர்களைத் திரட்டி, கல்வி அலுவலகத்திற்குப் பலமுறை ஏறி இறங்கி, அந்த அணி மட்டும் படித்து முடிக்க அனுமதி பெற்றார். தானோ பள்ளிக்குள் நுழைய முடியாது. காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்யும் ஹனீபா பாய், தம் கிடங்கின் மாடியை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவிட்டார். அங்கேதான் ஒத்திகை. செய்முறைத் தேர்வு நாளில் பிள்ளைகள் பள்ளி அரங்கில் நடித்தார்கள். தங்கை தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரு பேக்கரியில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு பேரும் தேறினார்கள். அதன் பிறகு அந்தப் பள்ளியில் அப்பாடம் இல்லை.

அதன் பின்னும் நிறுத்தாமல், மொத்தம் ஆறாண்டு காலம் தங்கை அந்தக் கிடங்கு மாடியிலேயே பயிற்சி நடத்தினார். சான்றிதழ் கொடுக்க முடியாத வகுப்பு. இருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். நம் வீட்டு விசேஷங்களுக்குத் தங்கை தவறாமல் வந்தார். என்னை 'அண்ணா' என்றே அழைத்தார். பந்தியில் எனக்குப் பரிமாறினார். அந்தப் பேச்சு காதில் விழும்போது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

சென்ற ஆண்டு புற்றுநோய் என்று தெரியவந்தது. கோவை மருத்துவமனையில் சேர்த்தோம். ஒருநாள் காலை, மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தபோது, நான் தொடங்கினேன். "அம்மிணி, அன்னைக்கு அந்தக் கடுதாசில நான்..."

தங்கை கையசைத்து நிறுத்தினார். "எனக்குத்தான் தெரியுமுங்களே அண்ணா. தெரிஞ்சவகிட்டச் சொல்லி என்னாகப் போகுது? தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"நான் இருக்கறப்பவே சொன்னீங்கன்னா நல்லாருக்கும்."

சொல்லவில்லை. அந்த மாதம் நிறுவனத்தில் மறு ஆய்வு இருந்தது. முடியட்டும் என்று காத்திருந்தேன். பங்குதாரர்களைக் கலக்க வேண்டும் என்று காத்திருந்தேன். பத்தொன்பதாம் நாள் தங்கையின் உயிர் பிரிந்தது. இதை எழுதும்போது நான் யாரிடமும் ஆறுதல் எதிர்பார்க்கவில்லை. நடந்தது இது.

காரியங்கள் முடிந்த பின் பள்ளி நிர்வாகக் குழுவின் கூட்டத்திற்கு அனுமதி பெற்றுச் சென்றேன். பழைய கடிதத்தையும் அதைத் திருத்தி எழுதிய புதிய கடிதத்தையும் நின்றபடி வாசித்தேன். குழுவில் ஒருவர், "போய்ச் சேர்ந்தவங்களுக்கு இனி இதனால என்னங்க ஆகப்போகுது?" என்று கேட்டார். இருப்பினும் பதிவு செய்யுங்கள் என்றேன். பதிவு செய்தார்கள். தங்கை மீதிருந்த குற்றச்சாட்டு எழுத்தில் நீக்கப்பட்டது. வாடிக்கையாளருக்கும் எழுதிவிட்டு, நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொண்டேன். பாடப்பிரிவை மறுபடி தொடங்குவது பற்றிப் பள்ளி இன்னும் முடிவு செய்யவில்லை. தொடங்கினால் கற்பிக்கத் தயார் என்று, நாடகத்தில் பட்டம் பெற்றுள்ள செல்வமேரி விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்.

இக்கட்டுரையின் கையெழுத்துப் படியை மாப்பிள்ளையிடம் காட்டினேன். இதில் எதையும் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். இரண்டு முறை படித்துவிட்டு, "ஒண்ணும் எடுக்காதீங்க மச்சான். ஏழு வருசமா ஊட்டுக்குள்ளயே இத வெச்சுக்கிட்டு இருந்தோம்" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

தங்கையின் இறுதி நாட்களில் உடனிருந்து கவனித்த மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், உடுமலையிலிருந்து நாள்தோறும் வந்துபோன மாப்பிள்ளை வீட்டாருக்கும், ஆறாண்டு தம் இடத்தைத் தந்த ஹனீபா பாய்க்கும், தேரோடும் வீதியில் ஊர்வலம் போவதுபோல் இறுதி யாத்திரையில் வரிசையாக நடந்து வந்த மாணவர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. செய்யாத தவறுக்கு வேலை இழந்து, ஒரு சொல்லும் வெளியில் சொல்லாத ஆறுச்சாமி அவர்களிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். இங்கும் கேட்கிறேன். நான் மறைக்கப் பார்த்த உண்மையை அன்று சொன்ன செல்வமேரிக்கு நான் நன்றி சொல்வதைவிட, அவர் சொன்ன அந்தப் பின்வாசல் பழக்கம் என்னிடமும் இருந்தது என்று ஏற்பதே பொருத்தம்.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். இம்மலரைப் படித்து மூடி வைத்துவிட வேண்டாம். இனி எந்த வீட்டு விசேஷத்திலாவது, கேட்காமல் கூட்டிப்போனவள் என்று தங்கையைப் பற்றி யாராவது சொன்னால், அங்கேயே மறுத்துச் சொல்லுங்கள். அவர் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை சரி என்று சொன்னவன் நான். பின்னர் இல்லை என்று எழுதியவனும் நான். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அண்ணன்